இரண்டாம் ஷிப்டை நிரப்பிய அமுதா அக்கா

மாதக் கடைசி. மணலியில் நான் வேலை செய்யும் சரக்குப் பெட்டக நிறுவனத்தில் கணக்கு முடிக்கிற நாள் என்பதால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அது விடாமல் அதிர்ந்தது. எடுத்தால் பாஸ்கர், கல்லூரியில் எங்கள் வகுப்பின் எல்லாப் போராட்டங்களுக்கும் முழக்கம் எழுதிய பாஸ்கர்.

"அமுதாக்கா நம்மள வுட்டுப் பூட்ச்சுமே" என்றான்.

சிறுநீரகம் கெட்டு, வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்தான். செய்தி எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்று அந்தக் கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் திருவொற்றியூரில் அக்காவின் வீட்டுக்குக் கிளம்பினேன்.

எங்களோடு படித்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் பிற்பகல்களில் அதே அறைகளில் உட்கார்ந்து பி.காம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அந்த அறைகள் பூட்டப்படாமல் இருப்பதற்கு அவர் ஒரு காரணம்.

சேர்க்கை நாளன்று சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த பேராசிரியர் தலை நிமிராமல், "புள்ளைய எந்த குரூப்ல சேர்க்கணும்மா?" என்று கேட்டார்.

"புள்ள நான்தான் சார்" என்றார் அக்கா. "பி.காம் குடுங்க. ரெண்டாவது ஷிப்ட்டு. காலைல சவாரி கீது."

வரிசை முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் ஒட்டவில்லை.

அவர் கெட்டிக்கார மாணவி அல்ல. அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டத் தெரியாது. கீதா மேடம் முதல் வாரம் பற்று, வரவு நடத்தியபோது நாங்கள் எல்லோரும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து நின்றார்.

"மேடம், பேங்க்ல துட்டு வந்தா போன்ல கிரெடிட்டுன்னு மெசேஜ் வர்து. நீங்க இன்னாடான்னா துட்டு வந்தா டெபிட்டுன்றீங்கோ. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றது?"

அந்தச் சந்தேகம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. மேடம் பொறுமையாக விளக்கினார்: வங்கி எழுதுவது வங்கியின் புத்தகம், நாம் எழுதுவது நம் புத்தகம், நமக்கு வர வேண்டியது அவர்கள் தர வேண்டியது. அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்போ ரெண்டும் நெசம்தான். யாரு புக்குன்னு பாக்கணும், அவ்ளோதான்!" என்றார். பிறகு கேன்டீனில் யார் சண்டை போட்டாலும், "யாரு புக்குல எயுதினதுன்னு பாருங்கோ" என்று நடுவில் வந்து நிற்பார். சண்டை பெரும்பாலும் அங்கேயே ஓய்ந்துவிடும்.

இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த அறிவிப்பு வந்தது. சேர்க்கை குறைந்துவிட்டதால் வணிகவியலில் இனி இரண்டாம் ஷிப்ட் கிடையாது. இருப்பவர்கள் காலை வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம். காலையில் படிக்க முடிந்திருந்தால் எங்களில் பலர் பிற்பகலுக்கு வந்தே இருக்க மாட்டோம். ஒருவன் துறைமுகத்தில் சுமை எண்ணினான், ஒருத்தி ஜெராக்ஸ் கடையில் நின்றாள். கொடுங்கையூரிலிருந்து வந்த நான் காலையில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர். அக்காவுக்குக் காலைச் சவாரிதான் சோறு.

பாஸ்கர் வாசலில் உட்காரலாம் என்றான். முழக்கங்கள் தயாராக இருந்தன. அக்கா தடுத்தார். "கத்துனா காலி பெஞ்சு ரொம்புமா? மொதல்ல பெஞ்ச ரொப்புவோம். அப்பாலயும் மூடுனா சொல்லு, நானும் கத்தறேன்."

நேராக முதல்வரிடம் போனோம். "வருகிற முதலாமாண்டில் பாதி வகுப்பாவது நிறைந்தால் நடத்தலாம்" என்றார் அவர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கத்திரி வெயிலில் அக்காவின் ஆட்டோவில் கிளம்பினோம். நான் எழுதிய துண்டறிக்கையில் மேலாண்மை, வேலைவாய்ப்பு, ஒளிமயமான எதிர்காலம் என்று என்னென்னவோ இருந்தன. எண்ணூர்த் தொழிற்சாலை வாசல்களில் ஷிப்ட் மாறும்போது கொடுத்தோம். அதில் சுண்டல் மடித்துச் சாப்பிட்டார்கள்.

"நாமளே பேசிக்கினு கீறோம். அவங்கள யாரும் கேக்கவே இல்லியே" என்றார் அக்கா. அன்று மாலை காத்திவாக்கத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

அங்கே இறால் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவும், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்த அவர் மகள் ரேவதியும் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கத்தில் குந்தி, தாமும் ஒரு கை உரிக்க ஆரம்பித்தார். "ஏன்மா பொண்ண காலேஜுக்கு அனுப்பல?"

"துட்டு இல்லன்னு நெனச்சியா? அத எப்டியோ பொரட்டிடுவேன்" என்றார் அந்த அம்மா. "ஒங்க காலேஜு வுட சொல்லோ இருட்டிடும். பஸ்ஸு வராது. லாரிங்க போற ரோட்ல வயசுப்பொண்ணு தனியா நட்ந்து வரணுமா? நீயே சொல்லு."

அக்கா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தார். "நான் இட்டாந்து வுட்டா?"

"டெய்லியுமா?"

"டெய்லியும். வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டுத்தான் நான் என் வூட்டுக்குப் போவேன்."

அந்த அம்மா இறால் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, மகளிடம், "கைய கய்விகினு மார்க் ஷீட்ட எட்த்தா" என்றார்.

என் துண்டறிக்கையைத் தூக்கிப் போட்டோம். 'மாலையில் வீட்டு வாசல்வரை வண்டி உண்டு' என்ற ஒரே வரியோடு கடற்கரைக் குப்பங்களிலும் குடியிருப்புகளிலும் ஏறி இறங்கினோம். ஜூன் மாதம் முதலாமாண்டு வகுப்பில் பின் பெஞ்சுவரை ஆள் இருந்தது. முதல்வர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டைக் கீதா மேடத்திடம் நீட்டினார்.

அந்தப் பருவத்தில் அக்கா அடக்கவிலைக் கணக்கியலில் தோற்றார். மாலையில் நடைமேல் நடை அடித்து எல்லோரையும் வீட்டில் விட்டதில் படிக்க நேரமே இல்லையே என்று நான் வருந்தினேன். "பேப்பரு அடுத்த தபா வரும். காலேஜ மூடியிருந்தா வந்திருக்குமா?" என்றார். மறுமுறை எழுதித் தேறினார்.

மாலைச் சவாரிதான் அவருடைய தொழிலாக வளர்ந்தது. பட்டம் வாங்கிய பிறகு கடன் வாங்கி ஒரு வேன் எடுத்தார். ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களைத் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய் விட்டார். பெண்களையே ஓட்டுநர்களாகப் பழக்கினார். ரேவதி படித்து முடித்து வந்து வண்டிகளின் பொறுப்பை ஏற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். காத்திவாக்கம் வழித்தடத்தில் நஷ்டம் வருகிறது, நிறுத்திவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். அக்கா மறுக்கவில்லை. "கணக்கு கரீட்டுதான். ஆனா நிறுத்த மாட்டேன். வேற எங்கன்னா சம்பாரிச்சு இத்த ஓட்டுவோம்" என்றவர், சொன்னபடியே துறைமுகம் பக்கம் ஒரு புதிய ஒப்பந்தம் பிடித்து வந்தார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "மணலி வேலைய வுட்டுட்டு இங்க வந்துடு. வண்டிய ரேவதி பாத்துக்கும், கணக்க நீ பாத்துக்கோ. பங்கு தர்றேன்" என்றார். நிலையான சம்பளம், பி.எஃப், வீட்டுக் கடன் என்று நான் இழுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"யோசி. எத்தினி நாள் ஓணும்னாலும் யோசி. ஆனா முடிவு எட்த்துட்டா அப்பால பேஜாரு ஆவாத. ஒரு டீய குட்ச்சிட்டு வேலையப் பாரு."

பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று விடியலில் அவர் வீட்டுத் தெருவில் வேன்கள் வரிசையாக நின்றன. இன்று வண்டி எடுப்பதா வேண்டாமா என்று ஓட்டுநர்களுக்குத் தெரியவில்லை. ரேவதி அழுதுகொண்டிருந்தாள். துறைமுகப் பட்டறையில் வெல்டராக இருக்கும் அக்காவின் கணவர் முருகன், அதிகம் பேசாத மனிதர், எழுந்து வந்தார். "எடுங்கமா. காலை ஷிப்ட்டுப் பொண்ணுங்க ரோட்ல நிக்கும். எறக்கி வுட்டுட்டு வாங்க. அதுவரிக்கும் தூக்க மாட்டோம்."

வண்டிகள் போயின. ஒன்றுகூட நேரம் தவறவில்லை. கடைசி வண்டியும் திரும்பி வந்து நின்ற பிறகுதான் அக்காவைத் தூக்கினோம்.

காரியம் முடிந்த மறுநாள் மணலி அலுவலகத்தில் என் ராஜினாமாவைக் கொடுத்தேன். மேலாளர், "நல்லா யோசிச்சியாமா?" என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். படியிறங்கி வரும்போது, நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்தப் பயமின்மையைத்தான். எதிரே இருந்த கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். பிறகு ரேவதியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.