புஷ்பம் அக்காவின் சாய்ந்த கரம் பலகை

என் அக்கா புஷ்பம் கண்டி மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவள். விடியுமுன் விளக்குமாற்றோடு போனால் மத்தியானம்தான் மகியாவையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவாள். குளித்து, சோறு தின்று, இரண்டு மணிக்குக் கரம் பலகை முன்னால் காய் அடிக்க உட்கார்ந்தால் ஆறு மணி வரை எழும்ப மாட்டாள். நாலு வருஷம் இப்படித்தான். அப்படி ஒரே இடத்தில் உட்கார எனக்கு முடிந்திருந்தால் ஒன்பதாம் வகுப்பையாவது பார்த்திருப்பேன்.

அவளுக்குக் கண் அப்படி. ஸ்ட்ரைக்கரைத் தொட்ட முதல் நாளே, சட்டத்தில் மோதித் திரும்பும் காய் எந்தக் குழிக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள். நான் அடித்தால் சொன்னபடி போனது. அவள் அடித்தால் போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது விரலுக்கு வரத்தான் நாலு வருஷம்.

அந்த நாலு வருஷமும் நான் சும்மா இருக்கவில்லை. பலகை நாலு பிஸ்கட் டின்களின் மேல் இருக்கும். தினமும் ஏதாவதொரு டின்னின் அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகுவேன். காய் குழியை விட்டு விலகி ஓடும். அக்கா ஏசுவாள், எனக்குச் சிரிப்பு வரும். பிறகு ஏசுவதை நிறுத்திவிட்டாள். ஸ்ட்ரைக்கரை எறும்பு மாதிரி மெதுவாக இரண்டு தடவை ஓடவிட்டு, சாய்வைப் பார்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். அட்டையை எடுக்கவுமில்லை. ஏச்சு வாங்காத குறும்பில் என்ன ருசி? ஆனாலும் செருகினேன்.

நாலாவது வருஷம் சபையின் புத்தாண்டுக் கரம் போட்டிக்கு அக்கா பெயர் கொடுத்தாள். அதுவரை பெண்கள் ஆடியதில்லை. மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: முதல் ஆட்டத்திலேயே தோற்றால் இனிப் பெண்களின் பெயரை எழுத மாட்டாராம். அக்காவோடு கூட்டும் ஆறு பெண்கள் அடுத்த வருஷம் பெயர் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

முதல் ஆட்டமே ஜமால்தீன் நானாவோடு. சபைக் கந்தோரில் கிளார்க், மூன்று வருஷமாக அவர்தான் முதலாவது. ஆட்டத்துக்கு முன் ஆளுக்கு இரண்டு தட்டு தட்டிப் பார்க்கலாம். நானா படீரென்று அடித்தார். அக்கா எறும்பை ஓடவிட்டாள். மண்டபம் சிரித்தது.

அக்காவின் காய்கள் விழுந்தன. நானாவுடையவை குழி ஓரத்தில் வழுக்கிப் போயின. அவர் பவுடர் போட்டார், துடைத்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"தங்கச்சி, உங்களுக்கு மட்டும் எப்புடிப் போகுது?"

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"மேசை சன்னல் பக்கம் சாயுதுங்க. பாத்து அடிங்க."

அதன்பின் நானாவின் காய்களும் விழத் தொடங்கின. கடைசியில் ஆளுக்கு ஒரு காய் மிச்சம். நானாவுக்குச் சாய்வு தெரிந்திருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்த சாய்வு. காய் குழி வரை போய் நின்றது. அக்கா தன் காயைச் சன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கமாகத் தள்ளினாள். அது வளைந்து வந்து விழுந்தது. முதலில் கைதட்டியது நானாதான்.

போட்டி முடிவில் அவளுக்கு மூன்றாம் இடம். ஒரு சோற்றுப் பாத்திரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஏறும்போது, அட்டை செருகியது நான்தானே, பாதிப் பாத்திரம் எனக்கு என்றேன்.

"அட்டை வச்சது நீ. குந்தியிருந்தது யாருடி?" என்றாள். பாத்திரத்தை மட்டும் தூக்கிவர என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு அந்த ஆறு பேரும் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் தீப்பெட்டி தேடப் போனேன்.