பயோடேட்டாவில் பதினோரு ஏக்கர்

பி.காம். முடித்து வீட்டில் இருந்த சமயம், கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பயோடேட்டாவோடு திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மழை இரண்டு வருடமாக ஏமாற்றியிருந்தது. இந்த வேலையும் இல்லையென்றால் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கு ஊரை விட்டுப் போகக் கொஞ்சமும் மனசில்லை.

கூடப் படித்தவன் ஒருவன், மூன்று பக்கமாவது இருந்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தான். நானும் முக்கி முக்கி எழுதினேன். என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நட்டது, ஏழாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசு, பொழுதுபோக்கு என்ற தலைப்பில் கிரிக்கெட் பார்ப்பது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் போதும் தம்பி. படிப்பு, டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் கோர்ஸ். மேனேஜருக்கு வேற சோலி இல்லையா?" என்றார். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. ஆனால் கூட வந்திருந்த அப்பா, எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, நெலத்தை எங்க?"

"வேலைக்கு எதுக்குப்பா நெலம்?"

"எதுக்கா? போக்கிடம் இல்லாம வந்து நிக்கான்னு நெனச்சிருவாவ. பதினோரு ஏக்கர் கரிசல் சொந்தமா இருக்குன்னு முதல்ல போடு. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி கீபோர்டைத் துடைத்தார். அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போனாலும் சரி, சொஸைட்டிக்குக் கடன் கேட்டுப் போனாலும் சரி, முதல் கேள்வி எத்தனை ஏக்கர் என்பதுதான். கடைசி வரியாகவாவது போடலாமே என்று நான் மல்லுக்கு நின்றேன். அவர் அசையவில்லை. மரமும் கிரிக்கெட்டும் போய், ஒரே பக்கத்தில், அப்பா பெயருக்கு அடுத்த வரியில் பதினோரு ஏக்கர் ஏறியது.

திங்கட்கிழமை மேனேஜரின் விரல் அந்த வரியிலேயே நின்றது. என் மார்க் வரைக்கும் இறங்கவே இல்லை.

"பாசனமா, மானாவாரியா?"

"மானாவாரி சார்."

"அப்போ புரட்டாசியில மழை விழுந்தா இங்க யாரு வேலை பாக்குறது? இதே சீட்டுல இருந்த ஆளு விதைக்கப் போறேன்னு போய்ட்டு இருபது நாள் கழிச்சு வந்தாரு. நெலம் இருக்கிறவங்களை எடுக்க வேண்டாம்னு இருக்கேன்."

அவர் தாளை மடிக்கப் போனார்.

"அதை வித்தாச்சு சார். பழைய பயோடேட்டா, மாத்தாம கொண்டுவந்துட்டேன்."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகுதான் படிப்பைப் பற்றிக் கேட்டார். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்.

மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நெலத்தைப் பத்திக் கேட்டாவளா?" என்றார்.

"கேட்டாவ."

"நாஞ்சொன்னம்லா!" என்று வாட்ச்மேன் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. ஊர் முழுக்க ஒரே நாளில் விதைப்பில் இறங்கியதால் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா விதைப்பெட்டியோடு வாசலில் நின்றார்.

"ரெண்டு நாள் லீவு கேளுலே. நமக்கு நெலம் இருக்குன்னு அவியளுக்குத்தான் தெரியுமே, குடுப்பாவ."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். லீவு கேட்கவில்லை. பதினோரு ஏக்கரையும் அவரும் அம்மாவும்தான் விதைத்தார்கள்.