பன்னிரண்டு மணி நிழல்

மணி பதினொன்று அடித்ததும் கோப்பைப் பாதியில் மூடிவிட்டு, காதிடுக்கில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, விறுவிறுவென்று மாடிப்படி ஏறுவார் அக்கா. நகரமன்ற எழுத்தர். மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் குடையைச் செருகி, அதனடியில் சற்று மூச்சு வாங்குவார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சுற்றிக் கோடு இழுத்து, ஓரத்தில் ‘பதினொன்று’ என்று எழுதுவார். ஒன்பதிலிருந்து மூன்றுவரை மணிக்கொரு தடவை இதே வேலை. ஒரு சான்றிதழ் வாங்கப் போன நான், அது கைக்கு வந்த பிறகும் இதைப் பார்ப்பதற்காகவே போய்க்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் அவருக்கு நிழலக்கா என்று பெயர். “கூப்பிட்டுக்கோங்க. நாளைக்குத் தண்ணி வந்தா நீங்களும்தானே குடத்தைத் தூக்கிட்டு வருவீங்க?” என்பார்.

விஷயம் இதுதான். உள்ளாட்சி மன்றங்களும் சிறிய அளவில் சூரிய மின்சாரம் தயாரித்துக்கொள்ளலாம் என்று மாநில அரசு புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறது. தகடு வைக்கும் இடத்தில் ஒன்பது முதல் மூன்று வரை நிழல் விழக்கூடாது; அதற்கு வரைபடம் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தால் குடிநீர் மோட்டார் மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். மேட்டுத் தெருவில் குடியிருக்கும் அக்காவுக்குக் குழாய் வெறும் காற்றை விடும் சத்தம் அத்துப்படி.

சட்டத்தின் நகல் அவர் கைப்பையில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கும். நிழலைப் பற்றிய பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். ஒருநாள் மாடிக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, கடையில ஒரு சாக்பீஸ் மிச்சமில்ல. நான் என்ன பல்லாலயா குறி போடுறது?”

“இன்னும் ரெண்டே நாளுங்க. அதுவரைக்கும் சோப்புத் துண்டை வெச்சு ஒப்பேத்துங்க.”

மனிதர் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாடியில் போட்ட கோடுகளை ஒன்றுவிடாமல் தாளில் ஏற்றி முடித்த மறுநாள், மின் ஆய்வாளர் வந்தார். படத்தை விரித்ததும் அவர் புருவம் ஏறியது.

“நட்டநடு மாடியில என்னம்மா இவ்ளோ பெரிய வட்டம்? பன்னெண்டு மணின்னு வேற போட்டிருக்கு. இங்க நிழல் விழுந்தா அனுமதி கிடையாது.”

மன்றத் தலைவர் கையைப் பிசைந்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நானும் படத்தை எட்டிப் பார்த்தேன்.

“மேல போய்ப் பார்த்துடலாம் சார்,” என்றார் அக்கா.

உச்சி வெயில். மாடியில் வட்டம் இருந்தது, நிழலைத்தான் காணோம். அக்கா அதையே முறைத்துக்கொண்டு நின்றார். திடீரென்று மூலைக்கு ஓடி, பெயிண்ட் டப்பாவை அணைத்துத் தூக்கிவந்து வட்டத்தின் நடுவில் வைத்துக் குடையை விரித்தார். நிழல் கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“அய்யய்யோ! என் குடைக்கும் சேர்த்துக் கோடு போட்டுத் தொலைச்சிருக்கேன் சார்!”

ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கட்டடத்து ஜன்னல் ஒன்று திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, வட்டத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார். அக்கா குடையை உருவி அவர் தலைக்கு மேலே பிடித்தார். சந்தோஷத்தில் குடை ஆடியது. தரையில் புதிதாய் ஒரு நிழல் விழுந்தது. அதைக் கண்டதும் அக்காவின் இன்னொரு கை தானாகவே காதிடுக்குச் சாக்பீஸுக்குப் போயிற்று.