கேட்காமல் விட்ட ஒழுங்கை

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஓடும் பஸ்ஸில் இருபத்தேழு வருடம் நடத்துநராக இருந்தவன் நான். அந்த வழியில் என்னிடம் ஏச்சு வாங்காத ஆட்கள் குறைவு. மிதிபலகையில் நின்றால் ஏசுவேன். மாற்றிய காசில்லாமல் பெரிய தாளை நீட்டினால் ஏசுவேன். நயினாதீவுக்குப் போகிற சனம் படகு போய்விடும் என்று அந்தரப்பட்டால் அதற்கும் ஏசுவேன். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று ஒன்றரை வருடத்தில் கைகூப்பிக்கொண்டு வாக்குக் கேட்கப் புறப்பட்டால் ஆருக்குத்தான் சிரிப்பு வராது? என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு சுயேச்சைக் குழு ஆள் தேடியது. நான் ஓம் என்றதற்கு ஒரே காரணம்தான். மண்கும்பானில் எங்கள் வீடு இருக்கிற சின்னத் தெரு, அந்த ஒழுங்கையின் முகப்பில் இருக்கிற பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. மாரியில் பிள்ளைத்தாச்சிப் பெண்கள்கூட நனைந்துகொண்டு நிற்பதை பஸ்ஸின் வாசலில் நின்று எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். சபையில் ஒரு கதிரை கிடைத்தால் அந்தக் கூரையைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்குக் கொள்கை கோட்பாடு ஒன்றும் கிடையாது.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த சின்னம் தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தில். போன வீடெல்லாம் தேத்தண்ணி தந்து, “உங்கடை சின்னம் அடுப்பிலைதான் கிடக்குது” என்று பகிடி விட்டார்கள். தேத்தண்ணியோடு என் பழைய குற்றப்பத்திரிகையையும் வாசித்தார்கள். வங்களாவடியில் இறங்க இருந்த ஒருவரை அடுத்த தரிப்பில் இறக்கிவிட்டேனாம். பத்துப் பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. அந்த வெயிலில் சீனி மூட்டையோடு திரும்பி நடந்ததை அவர் ஒவ்வொரு அடியாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் பிரசாரம் நடந்த அந்த மூன்று கிழமையில், அந்த இருபத்தொரு நாளில் கேட்ட அளவு மன்னிப்பு வேறெப்போதும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்த முகங்களை அவரவர் வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோசம்.

எதிரில் நின்றவர் ஓய்வுபெற்ற கிராம அலுவலர், ஊர்ப் பேச்சில் விதானையார். போன தடவை சபையில் இருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் எங்கே போனாலும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அதைப் பார்த்து, வாக்குக் கேட்க எதற்கு மனிசி என்று நக்கலடித்தேன். என் வாய்க்கு அப்போதே ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமையோடு பிரசாரம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு. இடையில் இருக்கிற நாட்களில் வாக்குக் கேட்கக்கூடாது என்பது சட்டம். ஞாயிறு காலை கோயிலுக்குப் போன மனைவி போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். அர்ச்சனைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

“இஞ்சருங்கோ, எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீட்டுக்கும் நீங்கள் போகேல்லையே?”

போகவில்லைதான். தூரத்து வீடுகளை முதலில் முடிப்போம், எங்கள் ஒழுங்கை எங்கேயும் ஓடிப்போகாது என்று நினைத்தேன். பதினாறு வீடு. பாதி சொந்தம், மீதி சொந்தத்தை விட நெருக்கம். நாலாவது வீடு என் அக்காவுடையது. அம்மா இல்லாத வீட்டில் என்னைக் குளிப்பாட்டித் தலைமயிர் வாரி இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அக்கா. அவரிடம் போய் நான் வாக்குக் கேட்பதா? கேட்டால் அல்லவா கோபிப்பார் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்லுகிற முறை ஒன்று இருக்கிறது. கார்ட்டைத் தபாலில் போட்டால் அது சொன்னதாகாது. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வீட்டுக்குப் போய், இருந்து, வாயால் சொல்லவேண்டும். அதுவும் கூடப்பிறந்தவர்களுக்குத்தான் முதலில். முறைப்படி சொல்லாத வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். சண்டை பிடிக்கமாட்டார்கள், முறைத்துப் பார்க்கவும் மாட்டார்கள், கலியாணத்தன்று கதவைச் சாத்திவிட்டு வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதான். மகளின் கலியாணத்துக்கு முதல் கார்ட்டை அக்கா வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அதெல்லாம் தெரிந்த மடையன், தேர்தலுக்கும் அதே முறைதான் என்று யோசிக்கவில்லை. ஒழுங்கையில் பதினாறு வீட்டிலும் ஒரே கதையாம்: அவர் எங்களுக்குச் சொல்லேல்லை.

“அக்கா என்னவாம்?” என்று கேட்டேன்.

“மச்சாள் ஒண்டும் கதைக்கேல்லை. என்னைக் கண்டிட்டு அங்காலை திரும்பி நிண்டவ.”

விதானையாருக்கும் எனக்கும் மயிரிழைப் போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். என் ஒழுங்கையே வீட்டில் இருந்துவிட்டால் கூரையும் இல்லை, கதிரையும் இல்லை. உடனே ஓடிப்போய்க் கேட்கலாமென்றால் சட்டம் இருக்கிறது. டிக்கெட் எடுக்காத ஆளைச் சொந்த மச்சான் என்றும் பாராமல் இறக்கிவிட்டவன் நான். இப்போது நானே சட்டத்தை மீறினால் ஊர் விடுமா? போதாக்குறைக்கு விதானையாரின் ஆள் ஒருவன் ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கையில் போனை வைத்தபடி நின்றான்.

மத்தியானம் வரைக்கும் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். பின்னேரம் வேட்டி கட்டினேன். மனைவியும் நல்ல சேலை உடுத்தாள். கலியாணம் சொல்லப் போகிறவர்களைப் போல இரண்டு பேரும் சோடியாக நாலு வீடு நடந்தோம். மோட்டார் சைக்கிள்காரன் நிமிர்ந்து போனைத் தூக்கினான். எடுடா படம், நல்லாய் எடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா விறாந்தையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. இருங்கோ என்று சொல்லவும் இல்லை. நான் படியிலேயே நின்றேன்.

“அக்கா, நான் வோட்டுக் கேக்க வரேல்லை. கேக்கவும் ஏலாது, சட்டம். முதல் வரவேண்டிய வீட்டுக்கு வராமல் விட்டிட்டன். அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

அக்கா ஒரு பயற்றங்காயை எடுத்து நார் உரித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். மனைவி என் கையில் மெல்லக் கிள்ளினாள், ஏதாவது இன்னும் சொல்லுங்கோ என்று. நான் வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அறுபது வயதில் அக்காவுக்கு முன்னால் அழுவதா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

“சரி, போயிட்டு வாங்கோ,” என்றார் அக்கா. அன்றைக்குத் தேத்தண்ணி இல்லை. அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் நான் இறங்கியது என் அறிவில் அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. நான் நேரத்தோடு என் வாக்கைப் போட்டுவிட்டு, சட்டத்துக்கு எட்டாத தூரத்தில் தெரிந்தவர் ஒருவரின் விறாந்தையில் கதிரை போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லைப்பிட்டிப் பக்கத்துச் சனம் வந்தது. சீனி மூட்டைக்காரர் வந்து என்னைக் கண்டு கையைக் காட்டிவிட்டுப் போனார். மத்தியானம் தாண்டியது. எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை. மூன்று மணிக்கு நான் தோற்றுவிட்டேன் என்று முடிவுகட்டி, செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் குடையைக் கண்டேன். கறுப்புக் குடை, அக்காவுடையது. கலியாண வீட்டுக்கு உடுக்கிற மாம்பழ நிறச் சேலை. பின்னால் எங்கள் ஒழுங்கை முழுவதும் வந்துகொண்டிருந்தது. கால் ஏலாத கிழவர் ஒருவரை ஓட்டோவில் ஏற்றி, ஓட்டோவையும் நடைவேகத்துக்கு ஓடவைத்திருந்தார்கள். அக்கா எந்த வீட்டில் போய் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவும் இல்லை. விறாந்தையைக் கடக்கும்போது என்னை ஒருதரம் பார்த்தார். சிரிக்கவில்லை. எனக்கோ எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே பள்ளிக்கூடத்தில் வைத்து எண்ணி முடித்தார்கள். ஒன்பது வாக்கால் நான் வென்றேன். விதானையார் வந்து கைகொடுத்து, கூரையை மறந்துவிடாதேயும் என்றார். வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தமுறை வழி தவறவில்லை.

அக்கா குசினியில் நின்றார். அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று கோப்பையை வரிசையாக வைத்து ஊற்றினார். நான் ஒரு வாய் குடித்தேன். சீனி அளவாக இருந்தது. உலகத்தில் எல்லாம் சரியாகிவிட்டதென்று தோன்றியது.

“நீங்கள் இல்லாட்டி நான் வெண்டிருக்கமாட்டன், அக்கா,” என்றேன்.

“சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அதுகள் உனக்குத்தான் போட்டிருக்குங்கள்,” என்றார். பிறகு கேத்திலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். “ஆனால் தம்பி, நான் உனக்குப் போடேல்லை.”

மனைவியின் கோப்பை நடுவழியில் நின்றுவிட்டது. எனக்குப் பகிடியா உண்மையா என்று விளங்கவில்லை. அக்காவின் முகத்தில் பகிடி இல்லை.

“விதானையார் மனிசியோடை வந்து, உந்தக் கதிரையிலை இருந்து, ‘அக்கா, எனக்குப் போடுவியளோ’ எண்டு கேட்டவர். நீ வருவாய் வருவாய் எண்டு ரண்டு கிழமை பாத்தனான். நீ வரேல்லை. அவருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்னதை எப்பிடி மாத்திறது?”

ஒரு கணம் எனக்குப் பழைய நடத்துநர்க் கோபம் தலைக்கு ஏறியது. அதே வேகத்தில் இறங்கியும் விட்டது. ஏசுவதற்கு என்ன இருக்கிறது? நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்காமல் என் கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பினார்.

“ரண்டு கிழமையும் ஒவ்வொரு பின்னேரமும் உனக்கு எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சனான், தம்பி,” என்றார்.