செருப்பு வண்டியும் முனியாண்டி அரிவாளும்

கூரையில் இருந்த நாற்பத்தோரு ஒழுக்கையும் அடைத்தவன் நான். கழிப்பறையே இல்லாத பழைய ரப்பர் தொழிற்சாலையில் பதினான்கு கழிப்பறை கட்டி, பதினான்கிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் வரவைத்தவன் நான். புகைக்கூடத்தில் குடியிருந்த வௌவால்களை மருந்து அடிக்காமல், விளக்கை மட்டும் இடம் மாற்றி வெளியே அனுப்பியவன் நான். டிக்கெட் கவுண்டர் முன்னால் நிழல் வேண்டும் என்று கேட்டபோது, “முதலில் ஆள் வரட்டும்” என்றார்கள். ஆள் வருவதற்கு முன்பே கூரை போட்டேன். அன்று அப்படிச் சொன்னவர்கள் இன்று அந்த நிழலில்தான் காரை நிறுத்துகிறார்கள். காவலாளிகள் எட்டு மணி நேரம் நின்றே சாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று வாதாடி, அவர்களுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். என் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு.

என் பெயர் ரெங்கசாமி. நெகிரி செம்பிலானில் மூடிப்போன ஒரு தோட்டத்தின் ரப்பர் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக மாற்றினார்கள் அல்லவா, அதில் கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்பு, பார்வையாளர் சேவை மூன்றுக்கும் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த ஆண்டு மலருக்கு எழுதச் சொன்ன குழுவினர், “சுருக்கமாக, பணிவாக எழுதுங்கள் ஐயா” என்றார்கள். சுருக்கமாக எழுத எனக்கு வரும்.

1. அம்புக்குறி போட்டவனும் நானே

எங்கள் இயக்குநர் டாக்டர் செல்வநாயகி ராசா என்ற ஊரில் பிறந்து, லண்டனில் படித்தவர். அவர் தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. அந்தக் காலத்தில் என் அப்பா போன்றவர்களின் பெயரைப் பேரேட்டில் எண் போட்டு எழுதியவர்கள் கிராணிகள்தான். பேத்தி நல்லவர். என்னை “மிஸ்டர் ரெங்கசாமி” என்றுதான் கூப்பிடுவார். தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னை யாரும் ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

அருங்காட்சியகத்தில் பார்வையாளர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதற்குக் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஒருவழிப் பாதை என்றார். முன்வாசலில் நுழைந்து முதல் கூடம், இரண்டாம் கூடம், மூன்றாம் கூடம், புகைக்கூடம், பிறகு பரிசுக் கடை, பின்வாசல். திரும்பி வரக்கூடாது. நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். தரையில் மஞ்சள் அம்புக்குறிகளை வரைந்தது என் கைதான்.

இரண்டாம் கூடத்தில்தான் எங்களுடைய பெரிய காட்சிப்பொருள் இருந்தது. தோட்டத்துக் கோயிலில் மூன்று தலைமுறையாக நின்ற முனியாண்டி சாமியின் அரிவாள், ஆள் உயரம். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் ரெம்பாவ், புக்கிட் பெலண்டோக் பக்கம் சிதறியபோது, அதை லெட்சுமி அக்கா தன் வீட்டுச் சாமி அறையில் வைத்துக் காப்பாற்றினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் பேர் போனவர். வாய் அதைவிடக் கூர்மை. அரிவாளைத் தரும்போது ஒரே ஒரு நிபந்தனை எழுதி வாங்கினார்: சாமி முன்னால் எவனும் செருப்போடு நிற்கக்கூடாது. நின்றால் சாமி வீட்டுக்குத் திரும்பிவிடும்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆலோசகர் இரண்டாம் கூடத்து வாசலில் ஒரு செருப்பு அலமாரியை வைத்து, மூன்று மொழியிலும் பலகை மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கழற்றிய செருப்பை எங்கே போய் மாட்டுவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

2. குப்பைப் பை

அதிகாரபூர்வத் திறப்பு விழாவுக்கு ஆறு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிவாளுக்குச் சொந்தமான தோட்டத்துக் குடும்பங்களை மட்டும் அழைத்தோம். இரண்டு பேருந்து நிறைய வந்தார்கள். அலமாரி முதல் பேருந்திலேயே நிறைந்துவிட்டது. மற்றவர்கள் வழக்கம்போல வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கும்பிட்டார்கள். அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தார்கள். பரிசுக் கடையைத் தாண்டிப் பின்வாசலில் இறங்கினால் தார் ரோடு. நேரம் பகல் பன்னிரண்டரை.

எங்கள் அருங்காட்சியகத்தின் முதல் பார்வையாளர்கள் அத்தனை பேரும் பரதநாட்டியம் ஆடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்சம் பேர் கட்டடத்தைச் சுற்றி ஓடினார்கள். கொஞ்சம் பேர் வந்த வழியே திரும்பினார்கள். எதிரே இரண்டாவது பேருந்துக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நெரிசல். அந்த நேரத்தில் அங்கே பணியில் இருந்தவர் காவலாளி பரமேஸ்வரி. சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். தீப்பிடித்தால் மக்கள் வெளியேறும் வாசல் அது. அங்கே ஒரு துரும்பு கிடந்தாலும் உடனே அகற்ற வேண்டும் என்பது நிரந்தர உத்தரவு. அவர் இரண்டு பெரிய கறுப்புப் பைகளை எடுத்துவந்து, கிடந்த செருப்பையெல்லாம் அள்ளிப் போட்டு, வாயைக் கட்டிவிட்டார்.

அந்த உத்தரவை எழுதியது நான். மறுக்கவில்லை.

லெட்சுமி அக்கா வெறுங்காலோடு என் அறைக்கு வந்தார். பின்னால் டாக்டர்.

“ஏன்டா ரெங்கசாமி, எங்க செருப்பக் குப்பப் பையில போட்டுட்ட. எங்க சாமியக் கண்ணாடிப் பொட்டியில போட்டுட்ட. ரெண்டையும் குடு, நாங்க போறோம்.”

“அக்கா, கொஞ்சம் உக்காருங்க.”

“உக்காந்தா கால் ஆறிப்போயிடும். சூட்டோட பேசறேன். சனிக்கெழம பெரிய மனுசங்க வர்றாங்கன்ன. அன்னைக்கு என் மருமவன் லோரியோட வருவான். வழி ஒழுங்கா இருந்தா லோரி காலியா போவும். இல்லன்னா சாமியோட போவும்.”

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “அக்கா, இது மியூசியம் லா. செருப்பு போட்டுக்கிட்டே பார்த்தா என்ன?”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒங்க வீட்டு சாமி ரூம்ல போட்டுக்கிட்டே போவீங்களாம்மா?”

அன்று மாலை வரை நானும் பரமேஸ்வரியும் தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். கடைசியில் இடது கால் மட்டும் மூன்று மிஞ்சின.

3. படித்தவர்களின் யோசனைகள்

திங்கட்கிழமை கூட்டம். டாக்டர், ஆலோசகர், நான். குடும்பங்கள் சார்பில் லெட்சுமி அக்கா. இந்த முறை செருப்பைக் கழற்றாமலே வந்திருந்தார்.

ஆலோசகர் முதலில், மருத்துவமனையில் மாட்டுகிற நீலப் பிளாஸ்டிக் உறையைச் செருப்புக்கு மேல் மாட்டலாம் என்றார்.

“செருப்புக்குச் சட்ட போட்டுட்டா அது செருப்பு இல்லாம போயிடுமா?” என்றார் அக்கா.

அவரவர் செருப்பை ஒரு பையில் போட்டுக் கையிலேயே எடுத்துப் போகலாம் என்றார் ஆலோசகர்.

“காலுல இருந்தா தப்பு, கையில ஏந்திக்கிட்டுக் கும்பிட்டா சரியா? இந்தத் தம்பி எந்த ஊருப்பா?”

பாதையை மாற்றி, இரண்டாம் கூடத்துப் பக்கச் சுவரை உடைத்துத் திரும்பும் வழி போடலாமா என்று கேட்டேன். பாரம்பரியச் சுவர், ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்றார் டாக்டர். கூட்டம் முடிந்தது. முடிவு எதுவும் இல்லை, குறிப்பேட்டில் மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கூடத்தையே அரிவாளை நடுவில் வைத்துத்தான் கட்டியிருந்தோம். விளக்கு, நிழல், இருக்கை எல்லாம் அதைப் பார்த்தே இருந்தன. சனிக்கிழமை அது லாரியில் ஏறினால், பெரிய மனிதர்களுக்குக் காட்ட வெறும் கண்ணாடிப் பெட்டிதான் மிஞ்சும். உத்தரவு யார் எழுதியது என்று கேள்வி வந்தால் என் கையெழுத்து இருக்கிறது. பரமேஸ்வரியின் வேலைக்கும் யாராவது குறி வைப்பார்கள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். அப்போதுதான் காலுக்குக் கீழே பார்த்தேன். தண்டவாளம்.

அந்தத் தொழிற்சாலையில் இளவயதில் நான் செய்த வேலை வண்டி தள்ளுவது. உருளையில் அழுத்தி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை வண்டியின் கழிகளில் தொங்கவிட்டு, தண்டவாளத்தில் தள்ளிப் புகைக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். தண்டவாளம் இரண்டாம் கூடத்து வாசலில் தொடங்கி, தாழ்வாரம் வழியாகக் கட்டடத்தைச் சுற்றிப் புகைக்கூடத்து வெளிக்கதவில் முடிகிறது. சாமி இருக்கும் கூடத்துக்குள் போவதே இல்லை. ரப்பர் ஷீட் போன வழியில் செருப்பு போகாதா?

அந்தப் பழைய வண்டிகளில் ஒன்று, எண் ஒட்டப்பட்டு, கயிறு கட்டப்பட்டு, ‘தொடாதீர்’ என்ற பலகையோடு நின்றது. கயிற்றை அவிழ்த்தேன்.

“மிஸ்டர் ரெங்கசாமி! அது காட்சிப்பொருள்! பதிவுல இருக்கு!” டாக்டர் ஓடிவந்தார்.

“டாக்டர், இது பொறந்ததே தள்றதுக்குத்தான். சும்மா நிக்க வச்சாத்தான் துரு புடிக்கும்.”

“உடைஞ்சா யார் பொறுப்பு?”

“நான் இருபது வயசுல தள்ளின வண்டி. நான் ஒடஞ்சிட்டேன், அது ஒடையல.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அபாய மதிப்பீட்டுப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார். பரமேஸ்வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ‘ஏற்படக்கூடிய அபாயம்’ என்ற இடத்தில் ஒரே வரி: செருப்பு மாறிப்போகலாம். அதற்கும் வழி செய்தேன். ஒவ்வொரு ஜோடியையும் துணி மாட்டும் கிளிப்பால் கழியில் தொங்கவிட்டு, கிளிப்பில் ஓர் எண். அதே எண் உள்ள வில்லை பார்வையாளர் கையில். சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டேன். வெறுங்காலோடு நடக்கப்போகிற மூன்றாம் கூடத்தில் இரும்புத் துகள் ஒன்றும் இல்லாமல் கூட்டி, கயிற்றுப் பாய் விரித்தேன்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் என் செருப்பை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு, முழுப் பாதையையும் நடந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் கால் சுட்டது. அங்கேயும் பாய் போட்டேன்.

4. சனிக்கிழமை

காலையிலேயே லாரி வந்து, முன்வாசலில், என் நிழற்கூரைக்குக் கீழே நின்றது. மருமகன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

லெட்சுமி அக்கா இரண்டாம் கூடத்து வாசலுக்கு வந்தார். பரமேஸ்வரி அவர் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, கிளிப் போட்டு, வில்லையைக் கொடுத்தார். எண் ஒன்று.

“மறுபடி பையில போட்டுற மாட்டியே?”

“போட மாட்டேங்கா. சத்தியமா.”

அடுத்தவர் டாக்டர். உயரமான குதிகால் வைத்த செருப்பு. எண் இரண்டு. எங்கள் அப்பாக்களுக்கு அவர் தாத்தா பேரேட்டில் எண் போட்டார். பேத்திக்கு நாங்கள் எண் போட்டோம். இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பிறகு பெரிய மனிதர்களின் பளபளப்பான காலணிகள். எல்லாம் கழியில் தொங்கின, அந்தக் காலத்து ஷீட் மாதிரியே வரிசையாக. வண்டியை நானே தள்ளினேன். முதுகு வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா சாமி முன்னால் வெகுநேரம் நின்றார் என்று பிறகு சொன்னார்கள். நான் புகைக்கூடத்துக் கதவில் காத்திருந்தேன். அவர் வெளியே வந்தபோது அவருடைய செருப்பு, போட்டுக்கொள்ள வாகாக, வெளிப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. காலை நுழைத்துப் பார்த்தார்.

“சூடு இல்ல.”

“நெழல்லயே வந்துச்சுக்கா.”

வண்டியைப் பார்த்தார். கழிகளைப் பார்த்தார். “அந்தக் காலத்துல வேல வாங்கற மண்டோர் தொண்ட கிழியக் கத்தினாலும் ஒழுங்காத் தள்ள மாட்ட. இப்பத்தான் ஒனக்கு இந்த வேலையே வருது.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, மருமகனுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்: “லோரிய எடுத்துக்கிட்டுக் கெளம்புடா!”

5. பலகை

அதன்பின் வந்தவர்கள் அரிவாளைப் பார்த்ததைவிடச் செருப்பு வண்டியைத்தான் அதிகம் படம் பிடித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றத் தேவையில்லாத இடத்திலும் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார்கள். டாக்டர் மாநாடுகளில் வண்டியைப் பற்றிப் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். ‘பாரம்பரியத் தண்டவாளத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்த புதுமைத் திட்டம்’ என்று தொடங்குகிறது. கீழே இயக்குநர் பெயர், ஆலோசகர் பெயர். கடைசியில், ‘பராமரிப்புக் குழுவின் ஒத்துழைப்புடன்’. ஒத்துழைத்தது ஆலோசகர். நீல உறையோடு நின்று, குறுக்கே வராமல் இருந்தார்.

இளைய பணியாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஒரு பாதை போட்டால், அதில் ஒருமுறை நடுப்பகலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். நான் அம்புக்குறி வரைந்த நாளில் ஷூ போட்டிருந்தேன். என் தவறு முழுவதும் அதில் இருந்தது. தவறில் என் பங்கை எழுதிவிட்டேன். அதனால் மற்றதிலும் என் பங்கைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

டாக்டருக்கும் மலர்க் குழுவுக்கும்: பலகையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், மூன்று மொழியிலும், கண் உயரத்தில். ‘இந்த வண்டியைச் செருப்புக்கு ஓடவிட்டவர் ரெங்கசாமி, ஆறாம் வகுப்பு.’ செருப்பை முதன்முதலில் கையில் வாங்கிய பரமேஸ்வரியின் பெயரும் அடுத்து வர வேண்டும். இடம் போதவில்லை என்றால் ஆலோசகரைச் சிறிய எழுத்தில் போடுங்கள். ‘ஆறாம் வகுப்பு’ என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

புதிய பலகைக்காகப் போன வாரம் நானே வந்து தாழ்வாரச் சுவரில் நான்கு துளை போட்டுவிட்டேன். செங்கலைத் தொடவில்லை, சுண்ணாம்புப் பூச்சில்தான் போட்டேன். சீக்கிரம் பலகையை மாட்டுங்கள். மழைக்காலம் வருகிறது, துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கினால் அதை அடைக்கவும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.