தவளையைத் தாண்டவைக்கும் தனபாலன் சார்

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, உள்ளே இருந்த மவுஸைக் கணினியில் செருகினார் தனபாலன். பயிற்சி முடிந்ததும் அது மறுபடி கைக்குட்டைக்குள் போய்விடும். கணினி பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். மவுஸ் மட்டும் அவரோடு ஆயர் குரோவுக்கு வீடு திரும்பும்.

கணினி விளையாட்டை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. 1994-லிருந்து இரண்டு வருடமாக, மலாக்காத் தோட்டப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார். பெருக்கல் கணக்குக்குச் சரியான விடையை அழுத்தினால் திரையில் தவளை ஒரு கல் தாண்டும். தவறினால் தண்ணீரில் விழும். தனபாலனின் தவளை ஒருநாளும் நனைந்ததில்லை. ஆசிரியைகள் பின்னால் நின்று குறிப்பேட்டில் தவளைப் படம் வரைந்துகொள்வார்கள். எவராவது கையை நீட்டிவிட்டால் மனிதர் பதறிப்போவார்.

"தொடாதீங்க டீச்சர், ரோசாக் ஆயிடும் லா! கெட்டுப்போனா ரிப்பேருக்குக் கோலாலம்பூருக்குல்ல அனுப்பணும்!"

அறிக்கையில் மட்டும் 'நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் தேர்ச்சி' என்று கூசாமல் எழுதியிருந்தார். அதைப் படித்த கல்வி இலாகா அதிகாரி, தேர்ச்சி பெற்ற ஒருவரையாவது கண்ணால் பார்க்க, புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த தோட்டப் பள்ளிக்கே வந்துவிட்டார். ஒருவரும் தேறாவிட்டால் தனபாலன் பழையபடி கரும்பலகைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை பமேலா கணினி முன் உட்கார்ந்தார். ஏழு பெருக்கல் எட்டு என்றது திரை. "அம்பத்தாறு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பமேலா அம்புக்குறியைத் தேடுவதற்குள் தனபாலனின் கை பாய்ந்து மவுஸைப் பிடுங்கியது. தவளை தாண்டியது.

"பாடம் நடத்துறது யாரு சார்? டீச்சரா, நீங்களா?" என்றார் அதிகாரி. "கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"மெதுவா லா டீச்சர், மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே தனபாலன் வெளியே போனார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தவளை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்; பமேலாவும் சிரித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம்!" என்று பிள்ளைகள் வழி காட்டினார்கள்.

தவளை அடுத்த கல்லைத் தாண்டியது. அதற்கடுத்ததையும் தாண்டியது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் தவளை கரையேற, அதிகாரி தன் தாளில் ஒரு 'சரி' போட்டார். தனபாலனின் வேலை தப்பியது.

அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவருடைய ஆள்காட்டி விரல் சன்னல் கட்டையை இன்னும் டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தது.