வெட்டியும் அடங்காத அட்டை

விழுப்புரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது கல்லூரிக் கண்காட்சியில் எனக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். நான்கு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்தால், திருப்பிப் போடுவதைத் தனியாக எண்ணாமல், ஐந்தே வடிவங்கள்தான் வரும். நீளக்கோல், பெரிய சதுரம், ஆங்கில எழுத்துகள் போல எல், டி, இஸட் என்று ஐந்தையும் அட்டையில் வெட்டி வைத்திருந்தேன். மொத்தம் இருபது சதுரம். நாலுக்கு ஐந்து, இருபது கட்டம் உள்ள தட்டில் அவற்றை அடுக்கவே முடியாது என்று நான் காட்ட வேண்டும்.

தட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்தால் கறுப்பு பத்து, வெள்ளை பத்து. டியைத் தவிர மற்ற நான்கும் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மறைக்கும். டி மட்டும் ஒன்றில் மூன்று, மற்றதில் ஒன்று. கணக்கு பதினொன்றுக்கு ஒன்பதாகிவிடும். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஒரு விஷயம் ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவளும் நான்தான். அதை அம்மா ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது.

அம்மா திண்டிவனத்தில் ஜாக்கெட் தைத்தார். துணி குறைவாகக் கொண்டுவந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதே இல்லை. அக்குள் பக்கம் ஒட்டுப் போட்டு முடித்துவிடுவார். முடியாது என்பது அவருக்குச் சோம்பேறிகள் பேச்சு. வீட்டில் தட்டையும் அட்டைகளையும் அவர் முன்னால் வைத்துக் காட்டினேன்.

"அந்த நீட்ட அட்டையைப் படுக்கப் போட்டுப் பாருடி."

"வராதும்மா. கணக்கு இருக்கு."

"இன்னா கணக்கு? இருபதுக்கு இருபது சரியாத்தானே கீது? உனக்குப் பொறுமை இல்ல."

நிறத்தைக் காட்டித் திரும்பத் திரும்ப விளக்கினேன்.

"அடியில மறைஞ்சி போற கலரை எவன்டி பாக்கப் போறான்?"

கண்காட்சியன்று காலை பையில் எடுத்து வைக்கும்போது பார்க்கிறேன், நீளக்கோல் சரிபாதியாக வெட்டப்பட்டிருந்தது.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஒட்டுப் போட்டா அடங்கும்னு பாத்தேன். அப்பவும் அடங்கல. பேஜாரு புடிச்ச அட்டை."

பாதியாக வெட்டினால் எப்படி அடங்கும்? ஒவ்வொரு துண்டும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. வம்பு பண்ணும் டி அப்படியேதானே இருக்கிறது! ரயிலில் இதைச் சொல்லிக்கொண்டே துண்டுகளின் பின்னால் காகிதம் ஒட்டிச் சேர்த்தேன். கல்லூரியைப் பார்க்க வேண்டுமென்று கூட வந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிரூபணத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் மாட்டியிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை. எல்லோரும் நேராகத் தட்டில் கை வைத்தார்கள். வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் நகரவே இல்லை.

"கொஞ்சம் டைம் குடும்மா, போட்டுடறேன்."

சுவரைக் காட்டினேன். "இரும்மா, இரு" என்றார், தலையைத் தூக்காமல்.

அம்மா முன்னால் வந்தார். "சார், அது ஆகாதுங்க. நான் வெட்டியே பாத்துட்டேன்."

"வெட்டியுமா?" அவர் உடனே கையை எடுத்துவிட்டார். "அப்ப ஆகாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் இத்தினி நாளா இன்னாம்மா சொல்லிக்கினு இருந்தேன்?"

"நீ சொன்னது சரிதான்டி" என்றார். "ஆனா வெட்டிப் பாக்காம எப்படி நம்புறது?"